நீலச் சுண்ணம்

இரண்டாம் பரிசு எனக்கு: ஒரு பேனா.
முதல் பரிசு மரீபெல் சூனிகாவுக்கு:
ஓர் எஃகு நாடா.

மேற்குக் கான்ஸாஸில் மார்ச் மாதம்.
கூட்டுறவுச் சங்கக் கூடத்தின் தகரக் கூரையைக்
காற்று பிடித்து உலுக்குகிறது.
சுவரில் அல்வினா ஷ்ரேடர்.
கறுப்பு வெள்ளைப் படம்தான், ஆனாலும்
அவர் விரல்நுனி நீலமென்று
இங்கே எல்லோருக்கும் தெரியும்.

பம்புகள் உறங்கும் ஜனவரிகளில்
முந்நூற்றுப் பன்னிரண்டு கிணறுகளை
ஒற்றை ஆளாய் டிரக்கில் சுற்றியவர்.
நாடாவின் நுனியில் நீலச் சுண்ணம் தடவி
இருட்டுக்குள் இறக்குவார். இழுப்பார்.
நிறம் கருத்த இடம்வரை தண்ணீர்,
அதற்கு மேல் நம்பிக்கை.
(கடைசி வரி நான் சேர்த்தது.
அவர் குறிப்பேட்டில் எண்கள் மட்டும்தான்.)
அந்த எண்களைப் புள்ளி வைத்து அவர் இழுத்த கோடு
கீழே கீழே இறங்கியபோது
வங்கி மேலாளர் தாளைத்
தலைகீழாய்த் திருப்பிப் பார்த்தாராம்.

அவர் பெயரால் முதல் மாணவனுக்குத் தந்த நாடா
நூறு அடி.
பிறகு நூற்றைம்பது.
இந்த வருஷம் முந்நூறு.
"நம் பரிசு வளர்ந்துகொண்டே போகிறது"
என்றார் சங்கத் தலைவர், பெருமையாக.
சிலர் கைதட்டினார்கள்.
சிலர் தட்டத் தொடங்கி நிறுத்தினார்கள்.

நாடாவைக் கொடுத்தவர் டுவேன் ஹெர்ட்டெல்.
இரண்டாயிரம் ஏக்கர் மக்காச்சோளம்.
அவருடைய சுழல் பாசனக் குழாய்களுக்கு
இருபது வருஷமாய் கிரீஸ் போடுகிறவர்
மரீபெலின் அப்பா. கடைசி வரிசையில்
தொப்பியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

அவள் ஆய்வேட்டில் கிணறுகளுக்குப் பெயர் கிடையாது,
எண்தான்.
படம் எடுத்து முடிந்தும் கையை விடாமல்
ஹெர்ட்டெல் குனிந்து கேட்டார்:
"நாற்பத்தேழு என்னுடையதுதானே?
வடக்கே, வேலி ஓரம்?"

அவள் அப்பாவைப் பார்த்தாள்.
அவர் தொப்பியின் விளிம்பைப் பார்த்தார்.
"ஆமாம்."
"ஒன்பது வருஷம் என்று போட்டிருக்கிறாய்."
"அது போன வருஷம் எழுதியது" என்றாள்.

மேசைமேல் யாரும் குடிக்காத தண்ணீர் டம்ளர்.
கூரை அதிர்ந்த ஒவ்வொரு முறையும்
உள்ளே ஒரு வளையம் தோன்றி அழிந்தது.
எத்தனையோ ஆயிரம் வருஷத்துக்கு முன்
ஏதோ ஒரு மேகம்
வட்டி கேட்காமல் போட்டுவைத்த வைப்பு.
நான் பேனாவைத் திறந்து மூடினேன், திறந்து மூடினேன்.
என் பொறாமை அந்த நிமிஷம்
எந்த ஆழத்துக்கு இறங்கிப்போனதோ.

"ஜனவரியில் வா" என்றார் ஹெர்ட்டெல்.
"கேட் பூட்டியிருக்காது.
நாய் குரைக்கும், அவ்வளவுதான்."
பிறகு அந்த நாடாவை வாங்கி
எடை பார்ப்பதுபோல் ஒருமுறை தூக்கிவிட்டுத்
திருப்பிக் கொடுத்தார்.

வெளியே, டிரக் கதவைக் காற்று பிடுங்க,
மரீபெலின் அப்பா கேட்டது ஒன்றே ஒன்று:
"அந்த நீலப் பொடி, அவர்களே தருவார்களா,
நாம் வாங்கிக்கொள்ள வேண்டுமா?"