மயிரிழை

ஷார்ஜா, பத்தாம் தொழிற்பேட்டை.
ஏசி சொட்டும் தண்ணீரைப் பெயிண்ட் வாளியில் பிடிக்கும் அறை.
திரையை நிறைத்து நிற்கிறது சாய்வெழுத்தில் ஒரே ஒரு எஃப்.
எண்ணூறு சதவீதம் பெரிதாக்கியிருக்கிறேன்.
தண்டு தடியாய், கறுப்பாய்.
மேலே வளையும்போது மெலிந்து மெலிந்து
மூச்சு விட்டால் அறுந்துபோகும் கோடாகி
நுனியில் ஒரு சொட்டு மை திரண்டிருக்கிறது,
விழாமல்.
வால் கீழே இறங்குகிறது,
அடுத்த வரியின் தலையில் இடிக்காமல்.
வரைந்தவர் யாரோ,
எங்கே நிறுத்துவது என்று தெரிந்தவர்.

அத்தர் பெட்டிக்கு இதைத்தான் கேட்டார்கள்.
தங்கத் தாளில்.
ஃபாயில் மெஷின் பிலவேந்திரன்
முதல் பெட்டியை ட்யூப்லைட்டுக்குக் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்தார்:
"தடிக் கோட்டுல தங்கம் ஏறுது.
மெல்லிசுல ஏற மாட்டேங்குது."
ஆகஸ்ட் ஈரம்.
சூட்டைக் கூட்டினால் எழுத்தின் கண் அடைந்துவிடும்,
குறைத்தால் இழை உதிரும்.
மூன்று நாள். நானூறு பெட்டி குப்பைக்கு.
கடைசியில் இழைகளை மட்டும்
மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு தடிக்க வைத்தேன்.
யாருக்கும் தெரியவில்லை.
எனக்குச் சம்பளம் அதற்குத்தான்.

பிறகு அதே எழுத்து எங்கும் வந்தது.
கல்யாண அட்டை, பல் ஆஸ்பத்திரி, பேரீச்சம்பழ டப்பா,
நகைக்கடைப் பெயரின் நடுவே அந்த 'அண்ட்' குறி
(அது ஒன்றுக்கே ஒரு சுவரை எழுதி வைக்கலாம்),
கடலோர வில்லாக்கள்.
வில்லாக்காரர்கள் நூற்றுப்பத்துப் பக்கக் கையேடு அனுப்பினார்கள்:
பலகை எதுவானாலும் இந்த எழுத்தே.

ஜூனில் அந்தப் பலகை வந்தது.
பகல் பன்னிரண்டரை முதல் மூன்று வரை
வெயிலில் வேலை கூடாது.
அரபி, ஆங்கிலம், உருது, தமிழ்.
தமிழை யாரோ கம்ப்யூட்டரிடம் கேட்டு அனுப்பியிருந்தார்கள்:
"கட்டாய வேலை நிறுத்தம்."
அடித்துவிட்டு "மதிய ஓய்வு" என்று போட்டேன்.
அப்படியே விட்டிருந்தால்
மொத்த கேம்ப்புக்கும் டிக்கெட் போட்டிருப்பார்கள்.
கையேட்டின்படி பன்னிரண்டு பாகை சாய்த்தேன்.
ஓ மட்டும்
சாரத்தில் கால் தவறியவன் போலத் தெரிந்தது.

பலகை மாட்டிய மறுநாள் பார்க்கப் போனேன்.
வெள்ளைப் பலகை, உச்சி வெயில்.
பத்தடியில் எழுத்து இருந்தது.
முப்பதடியில் இழைகள் இல்லை.
தடிக் கோடுகள் மட்டும் சாய்ந்து சாய்ந்து நின்றன,
காற்றில் பெய்யும் மழை மாதிரி.
சாரத்தின் மேலிருந்து ஒருவர்,
ஹெல்மெட்டில் மார்க்கரால் தவசிமுத்து என்று எழுதியிருந்தது,
கேட்டார்:
"அது என்ன கடை விளம்பரமாம்மா?"
மணி ஒன்று பத்து.

அன்று இரவு கையேட்டை மூடிவிட்டு
நிமிர்ந்த, தடித்த, அழகே இல்லாத
ஒரு ஓ போட்டேன்.
"தாளிக்கிற கரண்டி மாதிரி இருக்கு" என்றார் பிலவேந்திரன்.
அவரைத் தெருமுனை வரை நடக்கச் சொன்னேன்.
டயர் கடை, அதற்கப்புறம் கராஜ், அதையும் தாண்டி.
அங்கே நின்று
சத்தமாக வாசித்தார்.