இருநூற்று நான்கு நாட்கள்

"பாரீஸ், பாரீஸ்" என்று கண்டக்டர் கூவும்போதெல்லாம்
மச்சான் சிரிப்பார்.
அவர் பாஸ்போர்ட் அந்த ஊருடையது.
வாப்பாவின் வாப்பா சைகோனில் துப்பாக்கி தூக்கியதற்குக்
காரைக்காலில் கிடைத்த கூலி.
இறங்கும் இடம் என்னவோ பாரிமுனை.
அங்கிருந்து நடந்தால் மண்ணடி,
இரும்புக்கடைக்கு மேலே மூன்றாம் மாடி,
லாரியிலிருந்து கம்பி சரியும்போது
தேநீர் தம்ளர் அதிரும் எங்கள் வீடு.

லண்டனில் அவருக்குக் கோழிக்கடையில் வேலை.
பிரெஞ்சுக்காரராக இங்கிலாந்தில் கோழி வெட்டினார்,
தமிழில் கணக்கு எழுதினார்.
கதவு என்று ஒன்று இருந்ததே
அது சாத்தப்பட்ட சத்தத்தில்தான் தெரிந்தது.

ஓட்டுப் போட்டார்களாம். அவருக்கு அங்கே ஓட்டில்லை.
எனக்கு இருப்பது துறைமுகம் தொகுதியில்.

கூட்டுக்குடும்பத்தில் ஒருத்தன்
தனிக்குடித்தனம் போகிறேன் என்கிறான்.
அண்டா யாருக்கு, ஆட்டுக்கல் யாருக்கு,
இரவெல்லாம் பேசுகிறார்கள்.
மாடி அறையில் ஒண்டியிருப்பவன்
விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறான்,
தன் பெயர் வருகிறதா என்று.

வந்தது.
ஐந்து வருடம் விடாமல் இருந்தால் நிரந்தரம்.
ஆறு மாதத்துக்கு மேல் வெளியே போயிருந்தால்
எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து.
மச்சான் போயிருந்தார்.
இருநூற்று நான்கு நாட்கள்.

பரிகார நோன்பு அறுபதும் தொடர்ந்து வைக்கவேண்டும்,
ஐம்பத்தொன்பதில் விட்டாலும் முதலிலிருந்துதான்.
ஆனால் எங்களுக்கு அந்த மாத நாட்கள்
சங்கிலியை அறுக்காது என்று
மதரஸாவில் ஆலிமா சொல்லியிருக்கிறார்.
லண்டன்காரர்கள் சட்டத்திலும்
அப்படி ஒரு வரி இருந்தது:
முக்கியமான காரணம் என்றால் சரி.
பிரசவம் முக்கியமா?
யாருடைய பிரசவம்?
பெற்றவள் நான். அங்கே இல்லாமல் போனவர் அவர்.

ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம்.
ஏழாம் மாதத்திலேயே வந்துவிட்டாள்.
கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கிலோ முந்நூறு கிராம்.
மச்சான் ஓடி வந்தவர்
மாடிப்படிக்குக் கீழே துண்டு விரித்துப் படுத்தார்.
எந்த நாட்டுக் குடிமகனும் அங்கே
துண்டு விரித்துத்தான் படுக்கவேண்டும்.
வாட்ச்மேன் விரட்டுவார், எழுந்து நிற்பார்,
வாட்ச்மேன் போனதும் மறுபடி விரிப்பார்.
அந்த இரவுகளில் ஒன்றுகூட
அவர் எங்கேயும் வசித்ததாகக் கணக்கில் வராது.

போன வாரம் ரெக்கார்டு அறைக்குப் போனேன்.
"எதுக்கும்மா இப்ப டிஸ்சார்ஜ் சம்மரி?"
"லண்டனுக்கு."
"கொயந்த போவுதா?"
"இல்ல. அதோட அத்தா அங்க இல்லாம இருந்ததுக்கு."
கிளார்க் கண்ணாடியைக் கழற்றினார்.
"நாலு வருசம் கயிச்சு லீவ் லெட்டரா?"
திட்டவில்லை. தேடித்தான் கொடுத்தார்,
கரையான் ஒரு ஓரம் தின்றது போக மீதியை.

பிரவுசிங் சென்டர் பையன் ஸ்கேன் செய்தான்.
"என்ன பேர்ல சேவ் பண்ணட்டும்?"
"ஸஃபூரா."
"சைஸ் பெரிசா இருக்குக்கா, ஏத்த மாட்டேங்குது."
சுருக்கினான்.
இன்னும் சுருக்கினான்.
எடை எழுதிய இடத்தில் புள்ளி மறைந்துவிட்டது.
1.3 இருந்த இடத்தில் 13 கிலோ.

"திருப்பி எடுக்கட்டுமா?"

என் இடுப்பில் சாய்ந்து தூங்கிவிட்டிருந்தவளை
ஒருமுறை தூக்கிப் பார்த்தேன்.
ஏறக்குறைய சரியாகத்தான் இருந்தது.
அனுப்பு என்றேன்.