இரண்டரை கிராம்

தங்கம் நிறுத்த தராசில்
இப்போது தேயிலை நிறுக்கிறேன்.
இரண்டரை கிராம்:
காதுகுத்துக்கு மாமன் போடும்
ஒரு ஜோடிக் கம்மலின் எடை.

தண்ணீர் நூற்றைம்பது மில்லி.
வில்லாபுரத்து போர் தண்ணீர் ஆகாது,
கோப்பையில் ஏடு கட்டி
மழை ரோட்டில் சிந்திய டீசல் மாதிரி
நிறம் காட்டும்.
கேன் தண்ணீர்தான்.
கொதிக்கவும் விடக்கூடாது.
அடியில் கடுகு கடுகாய்க் கிளம்பும் குமிழி
மிளகாகுமுன் இறக்கிவிட வேண்டும்.
நான்கு முறை கசந்தது,
ஐந்தாம் முறை கசக்கவில்லை,
அப்படித்தான் தெரிந்துகொண்டேன்.

கூட்டுறவு வங்கியில் இருபத்தாறு வருடம்
நகை உரசிப் பார்த்தவன்.
கல்லில் ஒரு கோடு,
கோட்டின்மேல் ஒரு சொட்டு அமிலம்,
அழியாவிட்டால் கடன்.
அந்த நெடியில் மூக்கு செத்தது என்றே
நினைத்திருந்தேன்.

குன்னூரிலிருந்து மாதம் ஒரு பொட்டலம்
பச்சைத் தேயிலை.
ஆரஞ்சுத் தோல் சேர்த்தேன்: இருமல் மருந்து.
நன்னாரி வேர் சேர்த்தேன்:
டீயைக் காணோம், சர்பத் கடைதான் இருந்தது.
போடியிலிருந்து அக்கா அனுப்பிய ஏலக்காய்
இலையைப் பேசவே விடவில்லை,
அக்காவைப் போல.

அப்புறம்தான் மல்லிகை.

முகூர்த்த நாளில் முகம் கொடுக்காத மாட்டுத்தாவணி
ஆடி பிறந்ததும் கூப்பிட்டுக் கொடுக்கிறது.
நூறு கிராம் மொட்டு.
"கட்டினதா சார்?"
"உதிரி."
பூக்காரம்மா என் தலையைப் பார்த்தார்.
பூ நிற்க அங்கே ஒரு முடி கிடையாது.

தேயிலை ஓர் அடுக்கு, மொட்டு ஓர் அடுக்கு,
எவர்சில்வர் சம்படத்தில் போட்டு மூடினால்
பத்து மணிக்கு மேல்
இருட்டுக்குள்ளேயே விரியும்.
இலை ராவெல்லாம் குடிக்கும்.
விடியுமுன் பூவைப் பொறுக்கிவிட வேண்டும்.
முதல் தடவை அசந்து தூங்கிவிட்டேன்:
மத்தியான வெயிலில் திருமங்கலம் பஸ்,
முன் சீட்டுப் பின்னல்.
இரண்டாம் தடவை ஈரம் போகாமல் பூஞ்சை.
மூன்றாம் தடவை
வாணலியைச் சூடாக்கி, அடுப்பை அணைத்து,
கையால் பரப்பி உலர்த்தினேன்.
அதே இலைக்கு மறுநாள் புதுப் பூ.
ஐந்து ராத்திரி.

ஐந்து பொட்டலம்.
ஐந்து விடியலில்
வாசல் குப்பைக்கூடையில் கசங்கிய பூ.
தெரு கணக்குப் போட்டது.
அக்கா போனில் வந்தாள்:
"பேரை மட்டும் சொல்லு, கோவிக்க மாட்டேன்."
"தேயிலைக்குக்கா."
"தேயிலையா? அது எந்த ஊர்ப் பேரு?"

ஆறாம் நாள் எதிர்வீட்டு ரஞ்சிதமணி,
வாடகைப் பாத்திரக் கடைக்காரர்,
கரண்ட் பில் வந்துவிட்டதா என்று கேட்க வந்தார்.
கேட்டது வாய்,
கண் அடுப்படியைத் துழாவியது.
ஒரு கோப்பை நீட்டினேன்.
"சீனி?" இல்லை.
"பால்?" அதுவும் இல்லை.
"என்ன விரதம் சார் இது?"

ஒரு மிடறு.
விழுங்காமல் கொஞ்ச நேரம்
கன்னத்தில் நிறுத்தினார்.
"கல்யாண மண்டபம்.
எல்லாரும் போனப்புறம், விடியக்காலம்.
சேரெல்லாம் அடுக்கியாச்சு.
நான் உக்காந்து பாத்திரம் எண்ணிக்கிட்டிருக்கேன்,
அப்ப வரும்ல, அந்த வாசம்."

நானும் ஒரு மிடறு குடித்துப் பார்த்தேன்.
மண்டபம் இருந்தது.
எண்ணிக்கையில் குறைந்த ஒரு கரண்டி
எங்கோ கிடந்தது.
இருபத்தாறு வருடம்
இவ்வளவு திட்டமாக நான் மதிப்புச் சொன்னதில்லை.

"நல்லாருக்குன்னு சொல்லலை,"
என்றார்.
"இன்னும் கொஞ்சம் ஊத்துங்க."

இலை ஒன்றுதான், இரண்டாம் தண்ணீர்.
எதிர் மாடியில் சன்னல் கொக்கி
விலகும் சத்தம்.
நாளைக்கு அக்கா கூப்பிடுவாள்.
இரண்டாம் தண்ணீருக்கு
ஒரு நிமிடம் கூடுதலாக விடவேண்டும்.
விட்டேன்.