பெரட்டு

முகாமில் ஐந்தரைக்கு ஒரு பெரட்டு. கொம்பு ஊதுவார்கள்.
காத்தாடிமலைத் தோட்டத்தில் ஆறு மணிக்கு ஒரு பெரட்டு.
தலையில் கொங்காணி, இடுப்பில் படங்கு,
காலில் நேற்றைய அட்டை கடித்த தழும்பு.
இரண்டுக்கும் ஒரே சொல்.
எந்தப் பக்கம் எந்தப் பக்கத்திடம் வாங்கியதோ,
இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.

செக்ரோலில் பேர் விழுந்தால்தான் சம்பளம்.
நிறை குறைந்தால் அரைப்பேர்.
போன வாரம் மூன்று நாள் என்னைப் பாதியாக எழுதினார்கள்:
ஒச்சம்மா, அரை.

ஏழாம் நம்பர் மலைக்கு அப்பால் சுடும் திடல்.
சிவப்புக் கொடி ஏறினால் நாங்கள் இறங்க வேண்டும்.
கொடிக்குத் தெரியுமா கொழுந்து முற்றுவது?
கவ்வாத்து வெட்டிய சடையாண்டி
ஒரு தூருக்குள் ஈயக்குண்டு பார்த்தான்.
மரம் அதைச் சுற்றிப் பட்டை கட்டி,
அதன் பாட்டுக்குத் துளிர்த்திருந்தது.

அந்தக் காலத்தில்
தியத்தலாவையில் போயரைப் பிடித்து அடைத்திருக்கிறார்கள் என்று கேட்டு,
கல்லுடைக்கும் நம் ஊர் ஆட்களாக்கும் என்று
ரொட்டி சுட்டுக்கொண்டு ஓடினாராம் வீரமலை,
என் புருஷனின் வழியில் யாரோ ஒருவர்.
கம்பிக்குள்ளே தாடி வைத்த வெள்ளைக்காரர்கள்!
கடல் தாண்டிக் கொண்டுவரப்பட்ட கைதிகள்.
போயர் என்றால் அவர்கள் பாஷையில் உழவனாம்.
ரொட்டியை வாங்கித் தின்றார்களாம்.
கதை அவ்வளவுதான்.

லயத்தில் துணி காயும் முள்கம்பி
அந்த முகாமுடையது என்கிறார்கள்.
நான் நம்பவில்லை.
ஆனாலும் பிள்ளையின் சட்டை கிழியும்போது
திட்டு அவர்களுக்குத்தான்.

செவ்வாய்க்கிழமை, கொடி இறங்கிய பிறகு,
தேயிலைக்கடியில் ஒரு பொடியன் முட்டிபோட்டுத் தவழ்ந்துகொண்டிருந்தான்.
புதுச் சீருடை, காதோரம் மழித்த தலை.
சுட்ட தோட்டாவின் கூடு ஒன்று குறைகிறதாம்.
எண்ணிக் கொடுக்க வேண்டுமாம்,
கிடைக்கும்வரை சோறு இல்லையாம்.
மகியங்கனைப் பக்கம் அப்பாவுக்கு வயல்,
எங்களைவிடக் கடன் கூட.
பாதிச் சிங்களம், பாதி சைகை.
இதைச் சொல்லி முடிக்க ஒரு மணிநேரம் போனது.

என் மடியில் ஏழு கூடுகள் இருந்தன.
அப்புத்தளைப் பழைய சாமான் கடையில்
பித்தளைக்கு நல்ல விலை.
ஒன்றை மண்ணில் தேய்த்துத்
தூருக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு,
அங்கே பார், என்றேன்.

எடுத்தான். மூக்கைச் சட்டைக் கையால் துடைத்தான்.
பேர் என்ன என்று கேட்டான்.
ஒச்சம்மா என்று முழுதாகச் சொன்னேன்.
"ஒச்ச..." என்று சொல்லிப் பார்த்தான்.
அதற்குள் மேட்டிலிருந்து விசில்.
ஓடிவிட்டான்.

சாயந்திரம் தராசில்
எனக்கு ஒன்றரைக் கிலோ குறைவு.
கணக்கப்பிள்ளை பேனாவைத் தூக்கி
என் முகத்தைப் பார்த்தார்.
எழுதுங்க, என்றேன்.
மடியில் இன்னும் ஆறு கிலுங்கின.