நாடாவின் நுனி

அறுபது நொடி எவ்வளவு என்று
சவரக்கடைக்காரனைக் கேளுங்கள்.
ஒரு கன்னம். மேலுதட்டில் பாதி.
அதற்குள் மூக்குக்குப் பஞ்சு, புருவத்துக்கு மருந்து,
பிடரிக்குப் பனிக்கட்டி,
காதுக்கு ஒரு பொய்.

கிளீவ்லாந்து, முப்பத்தொன்று, ஜூலை.
ஏரிக்காற்றில் வளையத்தின் கயிறுகள் ஆடிக்கொண்டிருந்தன.
உருக்காலை ஷிப்டு முடிந்து அப்படியே வந்தவர்கள்
கரி அப்பிய முகத்தோடு பெஞ்சுமேல் ஏறி
ஹுதாக், ஹுதாக் என்றார்கள்.
எங்கள் மாத்தேய் ஹுதாக். உலகப் பட்டம்
எங்கள் தெருவில் குடியிருந்த வருஷம் அது.
எதிர் மூலையில் எஸ்ரா டால்பர்ட், டொலீடோ ஊர்க்காரன்.
தோல் கறுப்பு என்பதைத் தவிர வேறு காரணம் சொல்லாமல்
எட்டு வருஷம் பட்டத்துக்காரர்கள்
தட்டிக்கழித்த ஆள்.

பத்தாம் சுற்று முடிந்த மணிக்கு
மாத்தேய் தப்பான மூலைக்கு நடந்தான்.
டால்பர்ட்தான் தோளைப் பிடித்து
எங்கள் பக்கம் திருப்பிவிட்டான்.
இடது கண் இருந்த இடத்தில்
ஊதா நிறத்தில் ஒரு புடைப்பு.

மேலாளர் ஃபின்னெரன் குனிந்து ஒரே சொல் சொன்னார்:
"நேரம்."

இழுத்தடிக்க எங்களுக்கு வழிகள் உண்டு.
வாளியைக் கவிழ்த்தால் தரையைத் துடைக்கச் சொல்வார்கள்.
ஸ்டூலின் கால் கயிற்றில் சிக்கும்.
பல்காப்பு காணாமல் போகும்.
அன்றைக்கு நான்
அவன் கையுறையை மடியில் வைத்துக்கொண்டு
நாடாவின் நுனியைப் பல்லால் கவ்வி இழுத்தேன்.
ஒரு சாண் தொங்கியது.
மணி அடித்தது. நடுவர் கோல்பி அதைப் பார்த்துவிட்டு
"கட்டி அனுப்பு" என்றார்.
கட்டினேன்.
பொட்டலம்கூடக் கட்டத் தெரியாதவன் மாதிரி கட்டினேன்.

டால்பர்ட் வளையத்தின் நடுவில் நின்றான்.
மணி அடித்தபின் உட்காரக் கூடாது.
முதுகு வியர்வை காற்றில் காய்ந்தது,
தோளை உலுக்கிக்கொண்டான், கால் மாற்றி நின்றான்.
ஒருமுறை என்னைப் பார்த்தான்.
கோபம் என்று சொல்ல மாட்டேன்.
இந்த ரயில் எப்போதும் தாமதம்தான் என்று
தெரிந்தே பிளாட்பாரத்துக்கு வந்தவன் பார்வை.

பிறகு ஃபிலிம் சுருளை ஓட்டி ஓட்டி எண்ணினார்கள்.
தொண்ணூற்று நான்கு நொடி.
கமிஷன் கூப்பிட்டுக் கேட்டது, வேண்டுமென்றேவா?
நாடா ஈரமாக இருந்தது, ஐயா என்றேன்.
ஐம்பது டாலர் அபராதம். ஃபின்னெரன் கட்டினார்.
பதினைந்து சுற்றும் நின்று
ஒரே புள்ளியில் மாத்தேய் பட்டத்தை வைத்துக்கொண்டான்.
டால்பர்ட்டுக்கு மறுபோட்டி கிடைக்கவில்லை.
அந்த முப்பத்துநான்கு நொடி யாருடையது என்று
மதுக்கடைகளில் மேஜையைக் குத்திக்கொண்டார்கள்,
இன்னும் குத்திக்கொள்கிறார்கள்.

ஒன்றை மட்டும் யாரும் கேட்கவில்லை.
நாடா என் பல்லில் இருந்தபோது
என் காது அவன் வாய்க்குப் பக்கத்தில் இருந்தது.
"போதும், யுராய்" என்றான், ஸ்லோவாக்கில்.
"வலது கண்ணிலும் திரை இறங்குது."
கோல்பிக்கு அந்த பாஷை தெரியாது.
ஃபின்னெரனுக்குத் தெரியாது.
வளையத்தை ஒட்டி நின்ற டாக்டருக்கும் தெரியாது.
ஒரு சொல் நான் திருப்பிச் சொல்லியிருந்தால் போதும்.
வாயில் நாடா இருந்ததே என்று
சில இரவுகளில் எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன்.
கட்டி முடித்த பிறகு வாய் காலியாகத்தான் இருந்தது.
முதுகில் தட்டி
எழுப்பி அனுப்பினேன்.

சனிக்கிழமைதோறும் கடைக்கு வருகிறான்.
தடியால் தட்டி நாற்காலியைக் கண்டுபிடித்து
முகத்தைக் கூரைக்குத் தூக்கி உட்காருகிறான்.
நுரை தடவுகிறேன். புருவத்துத் தழும்பு
என் கட்டைவிரலுக்கு வழி தெரிந்த தெரு.
வரிசையில் நால்வர் காத்திருக்க
அவன் தாடையிலேயே நின்றுவிடுகிறது கை.
"என்ன இவ்வளவு நேரம்?" என்கிறான்.

கத்தி ஈரமாக இருக்கிறது
என்கிறேன்.