மறு அடுக்கு

"எங்கே போகிறது இது?"
மூன்றாம் பத்தியின் ஓரத்தில்
விரிவுரையாளர் பென்சிலால் கேட்டிருந்தார்.
நியாயமான கேள்வி.
பகலெல்லாம் பெட்டிகளைப் பார்த்து
நான் கேட்பதும் அதுவே.

பாசிர் பாஞ்சாங் முனையத்தில்
கொள்கலன் அடுக்கத் திட்டமிடும் வேலை எனக்கு.
கொழும்பில் இறங்குவது மேலே,
ராட்டர்டாம் போவது அடியில்.
மாற்றி வைத்தால்
ஒன்றை எடுக்க ஒன்பதை நகர்த்த வேண்டும்.
பளுதூக்கியின் உச்சியிலிருந்து ஃபைசல்
வாக்கிடாக்கியில் மலாயில் திட்டுவான்;
திட்டுவது சரியாகவும் இருக்கும்.

அடுக்கத் தெரிந்தவள்தான்.
இரவு பதினொன்றரைக்குக்
கட்டுரை என்று உட்கார்ந்தால் மட்டும்
வந்தது வந்தபடி இறக்கிவிடுகிறேன்.
தலைப்பு, 'தாழ்வாரம் யாருக்குச் சொந்தம்?'
ஆயிரத்து இருநூறு சொல்,
வெள்ளிக்கிழமைக்குள்.

'ஆதிகாலந்தொட்டே மனிதன்...'
எந்த ஆதிகாலம்?
எங்கள் புளோக் கட்டியதே எண்பத்தேழில்.
அடித்தேன்.
இரண்டாம் பத்தியில் தீயணைப்பு விதி.
நான்காம் பத்தியில் அதே விதி,
வேறு சட்டை போட்டுக்கொண்டு.
இரண்டையும் ஒரே பெட்டியில் திணித்தேன்.

அச்செடுத்த தாளைக் கத்தரித்துத்
தரையில் பரப்பியபோது
மின்விசிறி தன் கருத்தைச் சொன்னது.
பொறுக்கியதில் முதலில் கைக்கு வந்தது
கடைசி வரி:
'சண்டை இடத்துக்காக அல்ல,
யார் முதலில் பேசுவது என்பதற்காக.'

இதைத்தானே சொல்ல வந்தேன்?
ஆறு பத்திக்கு அடியில் போட்டு
இதை நசுக்கியது யார்?
தூக்கி மேலே வைத்தேன்.
மற்றவை ஒவ்வொன்றாய் வந்து
'எனக்கு எங்கே?' என்று கேட்டு நின்றன.
இதுவரை அவை கேட்டதேயில்லை.

ஒன்று மட்டும் மிஞ்சியது.
பக்கத்து வீட்டு மேடம் கோவின்
பதினேழு பூந்தொட்டிகள்;
சாரல் அடித்தால் அவர் ஒவ்வொன்றுக்கும்
ஃபேர்பிரைஸ் பை மாட்டிவிடுவது.
நான் எழுதியதிலேயே நல்ல பத்தி.
எங்கே வைத்தாலும் கப்பல் சாய்ந்தது.
முனையத்திலும் வேலியோரம்
இப்படி ஒன்று கிடக்கும்,
ஆவணமில்லாத பெட்டி,
யாரும் கேட்டு வராமல்.
நான்கு மணிக்கு அதை எடுத்துவிட்டேன்.
கிழிக்கவில்லை.

காலையில் வேலைக்குக் கிளம்பும்போது
தொட்டிகளை இடித்துக்கொண்டு நின்ற
என் சைக்கிளை
ஒரு சாண் தள்ளி நிறுத்தினேன்.
கம்பிக்கதவுக்குப் பின்னாலிருந்து
மேடம் கோ பார்த்துக்கொண்டிருந்தார்.
இரண்டு வருடம்.
"மார்னிங், ஆன்ட்டி" என்றேன்.

சுமாரான முன்னுரை.