பத்திலிருந்து பின்னோக்கி

ஒன்று, எண்ணெய் தேடி அலுத்த இரும்பு.
இன்னொன்று, ராணுவம் கழித்துக் கட்டியது.
இரண்டையும் இழுத்து வந்து
எங்கள் ங்கோமேனிக்கு எதிரே
கடலுக்குள் கால் ஊன்ற வைத்தார்கள் இத்தாலியர்கள்.

ஏவும் நாளில் படகுகளுக்குத் தடை.
மணலில் குந்தியிருப்போம்.
கரை முகாமின் ஒலிபெருக்கி கத்தக் கத்த
ஷீ லாலியும் நானும் படித்த இத்தாலி மொழி அவ்வளவுதான்:
தியேச்சி, நோவே, ஓத்தோ...
பூச்சியம் வரை.
ஏறுவரிசையை யாரும் சொல்லித் தரவில்லை.

எத்தனை முறை நெருப்பு எழுந்தது?
ஊரில் ஆளுக்கொரு கணக்கு.
கடைசி முறை எண்பத்தெட்டில்
என்பதில் மட்டும் சண்டையில்லை.

பிறகு துரு.
கால்களில் சிப்பி, சிப்பிக்கு மீன்,
மீனுக்கு ஷீ லாலி.
கிட்டே வராதே என்று விரட்டிய காலிலேயே
இரவெல்லாம் படகைக் கட்டிப்போட்டுத்
தூண்டில் விடுகிறான்.

விடியலில் என் தராசுக்குக் கலவா மீன் வருகிறது.
ஒவ்வொன்றாய் எண்ணிப் போடுகிறான்:
தியேச்சி, நோவே, ஓத்தோ...
பூச்சியத்தில் கூடை காலி.
பழக்கதோஷம்,
இருவரும் ஒருகணம் அண்ணாந்து பார்க்கிறோம்.

அந்த ஒருகணத்தில்கூட
நான் விலையை ஏற்றியதில்லை.